தந்தி மீட்டிய விரல்கள்



தந்தி என்ற சொல்லைக் கேட்டாலே நம் தாத்தா பாட்டிகளுக்குக் கைகால் நடுங்குமாம். வாசலில் தந்திக்காரர் சைக்கிளை நிறுத்தினால் போதும், உறையைப் பிரிப்பதற்கு முன்பே வீட்டில் அழுகை ஆரம்பித்துவிடும். 2013 ஜூலை 14-ஆம் தேதி இரவோடு இந்தியாவில் தந்திச் சேவை முடிந்துபோனது. ஆனால் தமிழில் தந்திக்கு இன்னொரு பொருளும் உண்டு. வீணையில் கட்டுகிற கம்பிக்கும் தந்தி என்றுதான் பெயர். இந்த இரண்டு தந்திகளையும் ஒரே விரல்களால் மீட்டிய ஒரு பெண்ணின் வாழ்க்கையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். அவர் பெயர் நூர் இனாயத் கான்.

முதலில் என் சொந்தக் கதை கொஞ்சம். போன வருடம் எங்கள் வகுப்பில் மூன்று பேர் சேர்ந்து மோர்ஸ் கற்றுக்கொள்ளலாம் என்று கிளம்பினோம். புள்ளியும் கோடுமாக அட்டவணை எழுதி ஹாஸ்டல் சுவரில் ஒட்டினோம். ஒரே வாரத்தில் இருபத்தாறு எழுத்தும் மனப்பாடம்! ரொம்பப் பெருமையாக இருந்தது. ஆனால் ஒலியைப் போட்டுக் கேட்டால்... ஒரு எழுத்துகூடப் பிடிபடவில்லை. முதல் எழுத்தை அட்டவணையில் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் நான்கு எழுத்து ஓடிப்போயிருக்கும். மூன்றாவது வாரம் இருவர் கழன்றுகொண்டார்கள். நானும் விட்டுவிடலாம் என்று இருந்த சமயத்தில்தான் நூரின் வாழ்க்கையைப் படித்தேன். விடவில்லை.

புள்ளலூரில் தொடங்கும் கதை

நம் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூர் என்று ஒரு கிராமம் இருக்கிறதே, தெரியும்தானே? 1780 செப்டம்பர் 10-ஆம் தேதி அங்கேதான் ஹைதர் அலியும் அவர் மகன் திப்புவும் கர்னல் பெய்லியின் ஆங்கிலப் படையைச் சுற்றி வளைத்து முறியடித்தார்கள். மைசூர்ப் படையின் ராக்கெட்டுகள் அன்று பேர் வாங்கின. பெய்லி சிறைப்பட்டார். காஞ்சிபுரத்தில் தங்கியிருந்த தளபதி மன்றோ, தம் பெரிய பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். இந்தியாவில் ஆங்கிலேயர் அதுவரை கண்ட தோல்விகளில் மிகப் பெரியவற்றுள் அது ஒன்று.

அந்தத் திப்பு சுல்தானின் வம்சத்தில் வந்த ஒரு பெண்ணை மணந்தவர் மௌலா பக்ஷ் என்ற பாடகர். வடநாட்டுக்காரர். தெற்கே மைசூருக்கு வந்து கர்நாடக சங்கீதத்தையும் கற்றவர். பரோடாவில் இசைப்பள்ளி நிறுவியவர். அவருடைய மகள் வயிற்றுப் பேரன்தான் இனாயத் கான், வீணைக் கலைஞர், சூஃபி ஞானி. மேல்நாடுகளில் நம் இசையைப் பரப்பப் போன அவர், அமெரிக்கப் பெண்மணி ஓரா ரே பேக்கரை மணந்தார். இவர்களின் மூத்த மகளாக 1914 ஜனவரி 1-ஆம் தேதி ரஷ்யாவின் மாஸ்கோ நகரில் பிறந்தார் நூர்.

குடும்பம் முதலில் லண்டனிலும், பிறகு பாரிஸ் நகரை அடுத்த சுரேன் என்ற ஊரிலும் வாழ்ந்தது. வீடு நிறைய இசை. 1927-இல் தந்தை டெல்லியில் காலமானார். அம்மா துக்கத்தில் முடங்கிவிட, பதின்மூன்று வயது நூர்தான் தம்பிகள் இருவரையும் தங்கையையும் பார்த்துக்கொண்டார். நம் யாழைப் போன்ற ஹார்ப் என்ற கருவியும் பியானோவும் பயின்றார். குழந்தைகளுக்குக் கதை எழுதினார். புத்தரின் ஜாதகக் கதைகள் இருபதை அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1939-இல் வெளிவந்தது. கூச்ச சுபாவம். அதிர்ந்து பேசமாட்டார். அகிம்சையில் நம்பிக்கை உள்ளவர்.

அதே 1939-இல் போர் வந்தது. 1940-இல் ஹிட்லரின் படை பாரிசுக்குள் நுழைய, குடும்பம் இங்கிலாந்துக்குத் தப்பியது. கொடுமையைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்று நூரும் தம்பி விலாயத்தும் முடிவு செய்தார்கள். 1940 நவம்பரில் நூர் விமானப்படையின் பெண்கள் பிரிவில் சேர்ந்தார். கொடுத்த வேலை, வயர்லெஸ் ஆபரேட்டர்.

கண்ணால் அல்ல, காதால்!

இங்கேதான் நண்பர்களே, நமக்கு விஷயம் இருக்கிறது. மோர்ஸ் என்பது எழுத்து அல்ல, தாளம். புள்ளிக்கு ஒரு மாத்திரை, கோட்டுக்கு மூன்று. ஒரு எழுத்துக்குள் இடைவெளி ஒன்று, எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே மூன்று, சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஏழு. அவ்வளவுதான் இலக்கணம்! மிருதங்கம் கற்கும் பையன் தகதிமி என்பதை எழுதிவைத்துக்கொண்டா படிக்கிறான்? வாயால் சொல்லுகிறான், காதால் கேட்கிறான். அப்படியே டிட், டா என்று சொல்லிப் பழக வேண்டும். ஏ என்றால் டி-டா. என் என்றால் டா-டிட். கே என்றால் டா-டி-டா. போர்க்காலத்தில் பி.பி.சி. வானொலி, வெற்றியைக் குறிக்கும் வி எழுத்தின் டி-டி-டி-டா ஒலியை முரசில் அடித்து ஐரோப்பாவுக்கு ஒலிபரப்பியது. பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியின் தொடக்கமும் அதே தாளம். ஒருமுறை கேட்டவர் மறப்பாரா? எல்லா எழுத்தும் இப்படித்தான் மனதில் ஏற வேண்டும்.

எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில். வீட்டில் தறி உண்டு. இழை அறுந்தால் அப்பா குனிந்து பார்த்துக் கண்டுபிடிப்பதில்லை. சத்தம் மாறினாலே கை நின்றுவிடும். அந்தக் காதுதான் மோர்சுக்கும் வேண்டும். இசையில் வளர்ந்த நூருக்கு அந்தக் காது இருந்தது. ஆனால் கை? அங்கேதான் தொல்லை. குளிரில் அவருடைய விரல்கள் வீங்கிவிடும். அதனால் கீயை ஓங்கி ஓங்கித் தட்டுவார். கூடப் படித்தவர்கள் அதற்காகப் பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். கேலியைப் பொறுத்துக்கொண்டு தினமும் தட்டினார். வேகம் வந்தது, வேலையில் உயர்வும் வந்தது.

மோர்ஸ் பழகும் முறைகள் பற்றி நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. 1890-களில் பிரையன், ஹார்ட்டர் என்ற அமெரிக்கர்கள் இருவர், தந்தி பழகும் மாணவர்களின் முன்னேற்றத்தை வாரவாரம் அளந்து வரைபடம் போட்டார்கள். அனுப்பும் வேகம் சீராக ஏறுகிறது. வாங்கும் வேகமோ கொஞ்சம் ஏறி, பல வாரம் அப்படியே சமதளமாக நின்று, பிறகு திடீரென்று ஏறுகிறது! எழுத்து எழுத்தாகக் கேட்டவன் சொல் சொல்லாகக் கேட்க ஆரம்பிப்பது அப்போதுதான். என் நண்பர்கள் இருவரும் அந்தச் சமதளத்தைக்கூட எட்டவில்லை. கண்ணால் படித்த அட்டவணையோடு மல்லுக்கட்டியே நொந்துபோனார்கள். அதைக் கடந்து காதால் கேட்கப் பழகிய எனக்குத்தான் இந்தச் சமதளம் வந்தது. தெரிந்து நிற்பதால் பயமில்லை.

1930-களில் ஜெர்மனியில் லுட்விக் கோக் என்பவர் ஒரு வழி கண்டார். முதல் நாளிலேயே முழு வேகத்தில் இரண்டே எழுத்து. பத்துக்கு ஒன்பது சரியாக வந்தபின் மூன்றாவது எழுத்து. இப்படி ஒவ்வொன்றாகச் சேர்ப்பது. பிற்காலத்தில் ஃபார்ன்ஸ்வொர்த் என்ற அமெரிக்கர் பெயரால் இன்னொரு முறை பரவியது. எழுத்தின் ஒலியை வேகமாகவே வைத்துக்கொண்டு, எழுத்துகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை மட்டும் நீட்டுவது. மெதுவாக ஒலித்தால் மூளை புள்ளியையும் கோட்டையும் எண்ண ஆரம்பித்துவிடும். எண்ண நேரம் கொடுக்கக் கூடாது, யோசிக்க நேரம் கொடுக்கலாம். இதுதான் சூட்சுமம்.

பாரிஸ் என்ற அளவுகோல்

நூர் பிரெஞ்சு மொழியைத் தாய்மொழி போலப் பேசுவார், வயர்லெசும் தெரியும். விடுமா ரகசியத் துறை? 1942 இறுதியில் அழைத்துப் பேசினார்கள். ஜெர்மானியர் பிடித்த பிரான்சுக்குள் இறங்கி, எதிர்ப்புக் குழுக்களுக்கும் லண்டனுக்கும் நடுவே செய்தி அனுப்ப வேண்டும். பிடிபட்டால் உயிர் போகும். சம்மதித்தார். இந்திய விடுதலை பற்றி அதிகாரிகள் ஒருமுறை கேட்டபோது, போர் முடிந்தபின் தேவைப்பட்டால் இந்தியாவின் பக்கம் நிற்பேன் என்று மறைக்காமல் சொல்லிவிட்டதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். திப்புவின் ரத்தம் அல்லவா!

பயிற்சியில் எல்லோரும் அவரைப் பாராட்டவில்லை. இவர் இந்த வேலைக்கு ஏற்றவர் அல்ல என்று ஒரு பயிற்சி அதிகாரி அறிக்கையே எழுதினார். போலி விசாரணையில் நூர் வெலவெலத்துப் போனாராம். ஆனாலும் ஆபரேட்டர்கள் கிடைப்பது அரிதாக இருந்ததால், மேலதிகாரி அந்த அறிக்கையை ஒதுக்கிவிட்டு அவரையே தேர்ந்தெடுத்தார். 1943 ஜூன் 16-ஆம் தேதி இரவு, நிலா வெளிச்சத்தில் ஒரு சிறிய லைசாண்டர் விமானம் அவரைப் பிரான்சின் வயல்வெளியில் இறக்கியது. அந்தத் துறை பிரான்சுக்கு அனுப்பிய முதல் பெண் வயர்லெஸ் ஆபரேட்டர் அவர்தான். ரகசியப் பெயர் மதலேன்.

பத்து நாள்கூட ஆகவில்லை. அவர் சேர்ந்த குழுவின் தலைவர்கள் வரிசையாகப் பிடிபட்டார்கள், ஆபரேட்டர்களும் மாட்டினார்கள். திரும்பி வந்துவிடலாம் என்று லண்டன் சொன்னது. பாரிசில் மிஞ்சியிருக்கும் ஒரே தொடர்பு நான்தான், வரமாட்டேன் என்று நூர் மறுத்துவிட்டார். பயந்த சுபாவம் என்று எழுதப்பட்ட பெண்!

மோர்ஸ் வேகத்தை அளக்க உலகமெங்கும் பயன்படும் மாதிரிச் சொல் எது தெரியுமா? பாரிஸ்! டி-டா-டா-டிட், டி-டா, டி-டா-டிட், டி-டிட், டி-டி-டிட். கடைசி இடைவெளியையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள், சரியாக 50 மாத்திரை வரும். நிமிடத்துக்கு 12 சொல் என்றால் 600 மாத்திரை, ஒரு புள்ளிக்கு 100 மில்லிசெகண்ட். அந்தப் பாரிஸ் நகரில்தான் நூரின் ஒவ்வொரு மாத்திரையும் உயிரோடு விளையாடியது. ஜெர்மானியர் திசையறியும் கருவி பொருத்திய வண்டிகளில் தெருத் தெருவாகச் சுற்றினார்கள். ஒரே இடத்திலிருந்து அதிக நேரம் அனுப்பினால் வீடு தேடி வந்துவிடுவார்கள். ஆகவே சுருக்கமாக அனுப்ப வேண்டும், உடனே இடம் மாற வேண்டும். தவறாகத் தட்டித் திரும்ப அனுப்பினால் அது வண்டிக்குக் கொடுக்கும் கூடுதல் நேரம். இதனால்தான் வேகத்தைவிடச் சுத்தம் முக்கியம் என்று பெரியவர்கள் அடித்துச் சொல்கிறார்கள். பெட்டி வடிவ வானொலியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக மாறினார் நூர். தலைமுடியின் நிறத்தை மாற்றினார். ஒருநாள் மரத்தில் ஏரியல் கம்பி கட்டத் திணறியபோது, பாட்டுக் கேட்கத்தான் கட்டுகிறார் என்று எண்ணி ஒரு ஜெர்மன் அதிகாரியே உதவி செய்தார் என்றும் ஒரு கதை உண்டு! இத்தகைய ஆபரேட்டர் ஆறு வாரம் தாங்கினால் பெரிது என்று கணக்குப் போட்டிருந்தார்கள். நூர் நான்கு மாதம் தாக்குப்பிடித்தார்.

பட்டும் குறிப்பேடும்

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். மோர்ஸ் ரகசியம் அல்ல, தெரிந்த எவரும் கேட்கலாம். எனவே செய்தியைச் சங்கேதமாக மாற்றிய பிறகுதான் மோர்சில் அனுப்புவார்கள். அந்த ஆண்டுகளில் லியோ மார்க்ஸ் என்ற சங்கேத நிபுணர், ஏஜெண்டுகளுக்குச் சங்கேதச் சாவிகளை எதில் அச்சடித்துக் கொடுக்க ஏற்பாடு செய்தார் தெரியுமா? பட்டுத் துணியில்! மடித்தால் இருக்கும் இடம் தெரியாது, கோட்டின் உள்துணியில் வைத்துத் தைக்கலாம், சோதனை போடுபவன் தடவினாலும் காகிதம் போலச் சலசலக்காது. ஒருமுறை பயன்படுத்திய வரியை வெட்டி எரித்துவிட வேண்டும். முகூர்த்தப் பட்டு நெய்கிற ஊரில் இருக்கும் நமக்கு, பட்டுக்கு இப்படியும் ஒரு வேலை உண்டு என்பது புதுச் செய்திதானே!

எரித்துவிட வேண்டும் என்ற இந்தப் பாடத்தில்தான் நூர் சறுக்கினார். அனுப்பிய, பெற்ற செய்திகளையெல்லாம் ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்திருந்தார். கட்டளைத் தாளில் இருந்த ஒரு தொழிற்சொல்லைப் பத்திரப்படுத்தி வை என்று அவர் புரிந்துகொண்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 1943 அக்டோபர் மத்தியில், யாரோ காட்டிக்கொடுக்க, நூர் பிடிபட்டார். வானொலியோடு அந்த நோட்டும் எதிரி கையில் சிக்கியது. கைதான அன்றே குளியலறை ஜன்னல் வழியாகத் தப்பப் பார்த்தார். நவம்பரில் இன்னும் இரண்டு கைதிகளோடு கூரை வழியாக வெளியேறினார். இரண்டு முறையும் பிடித்துவிட்டார்கள். விசாரணையில் ரகசியம் எதையும் சொல்லவில்லை. இனித் தப்ப முயலமாட்டேன் என்று உறுதிமொழி கொடுக்கச் சொன்னபோதும் மறுத்துவிட்டார்.

ஆனால் அந்த நோட்டு பேசியது. அதை வைத்து நூர் அனுப்புவது போலவே ஜெர்மானியர் லண்டனுக்குச் செய்தி அனுப்பினார்கள். மோர்சில் ஒவ்வொருவர் கைக்கும் ஒரு நடை உண்டு. கையெழுத்தைப் போல, பழகிய காதுக்கு யார் தட்டுகிறார்கள் என்று தெரிந்துவிடும். லண்டனில் சிலருக்குச் சந்தேகம் வந்தது. ஆனாலும் முடிவெடுப்பவர்கள் நம்பினார்கள். 1944 பிப்ரவரி இறுதியில் அந்தப் பொய்ச் செய்திகளை நம்பிப் பாராசூட்டில் குதித்தவர்களைத் தரையில் ஜெர்மானியரே காத்திருந்து பிடித்தார்கள். அவர்களில் ஒருவர் மதலேன் தமர்மான் என்ற இளம்பெண்.

நூரை ஜெர்மனியின் ஃபோர்ட்ஸ்ஹைம் சிறைக்குக் கொண்டுபோனார்கள். கையிலும் காலிலும் விலங்கு, தனிக்கொட்டடி, பத்து மாதம். 1944 செப்டம்பர் 13-ஆம் தேதி காலை, தஹாவ் முகாமில் நான்கு பெண்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நூருக்கு அப்போது முப்பது வயது. அந்த நால்வரில் மதலேன் தமர்மானும் ஒருவர். ஒரு நோட்டுப் புத்தகம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? இதை எழுதும்போது எனக்கே கை ஓடவில்லை. நூரின் வீரத்தைப் பேசுபவர்கள் பலர் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டக் கூடாது என்று எனக்குத் தோன்றுகிறது. திறமை ஒரு பாதி என்றால், ஒழுங்கு மறுபாதி. அதைச் சரியாகச் சொல்லிக்கொடுக்காதவர்களுக்கும், சந்தேகம் வந்தும் நிறுத்தாதவர்களுக்கும் அந்தப் பழியில் பங்கு உண்டு.

பிரான்ஸ் அவருக்குக் குவா தெ கேர் விருது அளித்தது. பிரிட்டன் 1949-இல் ஜார்ஜ் கிராஸ் விருதை அறிவித்தது. 2012 நவம்பரில் லண்டனின் கோர்டன் சதுக்கத்தில் அவருடைய மார்பளவுச் சிலை திறக்கப்பட்டது. புள்ளலூரில் ஆங்கிலேயரை ஓடவிட்ட திப்புவின் வாரிசுக்கு, ஆங்கிலேயரின் தலைநகரிலேயே சிலை!

நாமும் பழகலாம்

இப்போது மோர்ஸ் எதுக்கு என்று கேட்கிறீர்களா? 1999 பிப்ரவரி 1-ஆம் தேதியோடு கப்பல்களின் அபாய அழைப்பு முறையிலிருந்தே அது விலக்கப்பட்டது, உண்மைதான். ஆனால் மிகக் குறைந்த மின்திறனில், இரைச்சலுக்கு நடுவிலும் காதுக்கு எட்டுவது மோர்ஸ். அமெச்சூர் வானொலிக்காரர்கள் அதை இன்றும் கைவிடவில்லை. நான் கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன்:

1. அட்டவணையைச் சுவரிலிருந்து கிழித்துவிடுங்கள். டிட், டா என்று வாயால் சொல்லிப் பழகுங்கள்.

2. கே, எம் என்ற இரண்டு எழுத்தில் தொடங்குங்கள். பத்துக்கு ஒன்பது வந்தபின் அடுத்தது.

3. காலையில் 15 நிமிடம், இரவில் 15 நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் உட்காருவது வீண்.

4. ஒரு எழுத்து தவறினால் கோடு போட்டுவிட்டு அடுத்ததைப் பிடியுங்கள். போனதைத் துரத்தினால் வருவதும் போகும்.

5. முதலில் கேட்கப் பழகுங்கள். நல்ல தாளம் காதில் ஏறிய பிறகே கீயைத் தொடுங்கள். விரலால் குத்தாமல், மணிக்கட்டைத் தளர்வாக வைத்து அழுத்துங்கள். முன்கை மேசையில் படியட்டும்.

6. கீ வைத்துப் பழக 555 ஐ.சி. போதும். அஸ்டேபிள் சுற்றில் ஆர்1-க்கு 1 கிலோஓம், ஆர்2-க்கு 10 கிலோஓம், மின்தேக்கி 0.1 மைக்ரோஃபாரட் போட்டால் சுமார் 690 ஹெர்ட்ஸ் ஒலி வரும். 9 வோல்ட் பேட்டரியின் வழியில் கீயைத் தொடராக இணைத்தால் வேலை முடிந்தது.

7. வேகம் ஏறாமல் நின்றுபோனால் பயப்படாதீர்கள். அது சமதளம். நடந்துகொண்டே இருங்கள்.

நான் இப்போது நிமிடத்துக்கு எட்டுச் சொல் வாங்குகிறேன். பெரிய வேகம் இல்லைதான். ஆனால் சுவரில் அட்டவணை இல்லை. மாலையில் ஹாஸ்டலில் அந்த 555 சத்தம் கேட்டால் சலித்துக்கொள்ளாமல் உள்ளே வாருங்கள். கழன்றுபோன நண்பர்கள் இருவரையும் சேர்த்துத்தான் கூப்பிடுகிறேன். ஒரு கீ சும்மாதான் இருக்கிறது.



– மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை